சாலோமி நட்ட துத்தி

தயாளபுரத்து வேதக்கோயிலில் மணியடிக்கிற சாலோமிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையிலிருந்து வல்லநாட்டுப் பக்கம் போகிற மினிபஸ்ஸில் ஏறி, "மணி அக்கா ஊர்" என்று சொன்னால் போதும், கண்டக்டர் சரியாக இறக்கிவிடுவார். மணி அடிப்பது, கோயிலைப் பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, பீடத்தில் பூ வைப்பது, மழை வந்தால் ஜன்னல் சாத்துவது, மழை வராவிட்டால் அதற்காக ஜெபிக்கும்படி போதகர் ஐயருக்கு நினைவூட்டுவது, எல்லாம் அவள் வேலை. ஆள் குள்ளம். மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டால், மேலே போகிற கயிறு அவளையும் ஒரு சாண் தூக்கிவிட்டுத்தான் இறக்கும். அதைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரம் வந்து நிற்பார்கள். அவர்களுக்காகச் சில வாரம் அவள் ஒரு இழுப்பு கூடுதலாகவே இழுப்பாள். ஆண்டவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்பினாள்.

அவள் புருஷன் தேவதாசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். போன நவம்பரில் வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே, சுவரோரம் தரையில் உட்கார்ந்து சாலோமி ஒரு பொருத்தனை பண்ணினாள்.

"ஆண்டவரே, இவியள உயிரோட குடும். வார வருஷம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அன்னைக்கு, கேட்டுல இருந்து கோயில் வாசப்படி வரை ரெண்டு பக்கமும் பூ பூத்து நிக்கும். வாங்கி வைக்கது இல்ல. எங்கையால நட்டு, எங்கையால தண்ணி ஊத்தின பூ."

தேவதாசன் பிழைத்துவிட்டார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து, காப்பியில் சீனி போதவில்லை என்று சண்டையும் போட்டார். அப்போதுதான் சாலோமிக்குத் தான் என்ன சொல்லிவைத்தோம் என்பது உறைத்தது. ஊரில் மற்றவர்கள் பண்டிகை அசன விருந்துக்கு ஒரு ஆட்டுக்குட்டி நேர்ந்துகொள்வார்கள். சந்தையில் பிடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டால் முடிந்தது. இவள் நேர்ந்தது பூ. கோயில் இருப்பதோ ஆற்றுக்கு மூன்று மைல் மேலே, செம்மண் பொட்டலில். தாமிரபரணி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பளபளவென்று போகும். கோயில் கிணற்றில் மட்டும் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரில் அரிசி வேக வைத்தால் உப்புப் போடவேண்டாம் என்று ஊரில் கேலி உண்டு.

இருந்தாலும் சாலோமி முயன்றாள். முதலில் ரோஜா வைத்தாள். அது மூன்று வாரம் யோசித்துவிட்டுக் கருகியது. செவ்வந்தி ஒரு வாரம்கூட யோசிக்கவில்லை. பட்டு ரோஸ் எந்தத் தண்ணீரிலும் வரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதைக் கோழிகள் தின்றன. ஒவ்வொரு செடி பட்டுப்போகும்போதும் அவள் தேவதாசனை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் நெஞ்சில் கைவைத்து, "நல்லாத்தாம்ட்டி இருக்கேன்" என்பார்.

செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்துக் குடியிருப்பில் வீட்டு ஜெபம் நடக்கும். சாலோமியும் அவள் சிநேகிதி பியூலாவும் சாயங்காலம் நாலரைக்குப் பொட்டல் வழியாக நடந்தே போவார்கள். பியூலா அடுத்த வீட்டுக்காரி. தையல் மெஷின் வைத்திருக்கிறாள். மெஷின் நின்றாலும் வாய் நிற்காது. பிப்ரவரியில் ஒருநாள் அப்படிப் போகும்போது, காய்ந்துபோன புல்லுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு செடிக்கூட்டம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்பதைச் சாலோமி பார்த்தாள். மாதக்கணக்காக மழை இல்லை. ஆடுகூடத் தலை குனிந்து தேடவேண்டிய இடம். அங்கே, பழைய ஒரு ரூபாய் வட்டத்தில், இதழ் நெளியாமல், எண்ணெய் தேய்த்துவிட்டது போன்ற மஞ்சள்.

"ஏட்டி, இது என்ன செடி?"

பியூலா திரும்பிப் பார்த்தாள். "இது தெரியலையா ஒனக்கு? துத்தில்லா."

துத்தி என்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இலையாகத்தான் தெரியும். பூனைக்குட்டியின் காதுபோல மெத்தென்ற இலை. அதைச் சின்ன உள்ளி போட்டு வதக்கித் தின்றாலும், விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டினாலும் மூலத்துக்கு நல்லது என்பார்கள். அதனால் அந்தச் செடியின் பெயரைக்கூட யாரும் உரக்கச் சொல்வதில்லை. நோயை வைத்து அறிந்த செடியின் பூவை நின்று பார்க்க யாருக்குத் தோன்றும். சாலோமிக்கு அன்றுதான் தோன்றியது. பட்டணத்துப் பூக்களெல்லாம் கைவிட்ட பிறகு, பொட்டலே ஒரு பூவை எடுத்து நீட்டுகிறதே என்று நினைத்தாள். ஜெபத்தில் அன்றைக்கு அவளுக்கு மனம் ஒட்டவில்லை.

சக்கரம்போல இருக்கும் அதன் காய்ந்த காய்களைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். விதை கல்லுபோல் இருந்தது. கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, காலி பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி ஊன்றினாள். முப்பது முளைத்தது. நல்லதாக இருபத்துநாலு எடுத்து, பாதைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு என்று நட்டாள். கரிக்கிற தண்ணீரை ஊற்றினாள். துத்தி முகம் சுளிக்கவில்லை.

பியூலா வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போற பாதைல மூல மருந்தா வைக்கப் போற?"

"பூவுக்காக வைக்கேன்."

"நீ பூவுக்காக வைக்க. பாக்கவங்க எதைப் பாப்பாங்க? வார ஐயமாருக்கெல்லாம் மாலைக்குப் பதிலா ஆளுக்கு ஒரு கட்டு இலை குடுத்து அனுப்புவோம்."

"வாயை மூடு, பியூலா. கோயில் வளவுல நிக்க."

"நான் என்ன கெட்ட வார்த்தையா சொன்னேன். எல்லாருக்கும் இருக்கதுதான்."

ஜூலை கடைசியில் முதல் மொட்டு விட்டது. ஒரு சாயங்காலம் சாலோமி மணியடிக்க வரும்போது ஆறு செடி பூத்திருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலை விடிந்ததும் பியூலாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். ஒரு பூவும் இல்லை. எல்லாம் நனைந்த குடையைச் சுருட்டி வைத்ததுபோல முறுக்கிக்கொண்டு நின்றன.

"எங்கட்டி பூ?"

"நேத்துப் பூத்திருந்துச்சு."

"நேத்துப் பூத்ததுக்கு இன்னைக்கு என்னைய ஏன் இழுத்துட்டு வந்த? அடுப்புல பால் இருக்கு."

சாலோமி அந்தச் சனிக்கிழமை வேலையை ஒதுக்கிவிட்டுச் செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். காலை பத்துக்கு இல்லை. பன்னிரண்டுக்கு இல்லை. மூன்றரை தாண்டியதும் முறுக்கு இளகியது. நாலரைக்கு எல்லாம் விரிந்து நின்றன. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பவும் மூடிக்கொண்டன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் அந்தப் பூவைப் பார்த்ததெல்லாம் சாயங்கால ஜெபத்துக்குப் போகும்போது. இத்தனை வருஷம் காலையில் பொட்டலில் அவளுக்கு வேலை இருந்ததே இல்லை. பண்டிகை ஆராதனையோ காலை ஒன்பதரைக்கு.

"ஆண்டவரே, நான் படிக்காதவ. செடிக்கு நேரம் உண்டுன்னு எனக்கு யாரு சொன்னா" என்று அவள் செடியைப் பார்த்தே ஜெபித்தாள். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. வேறு எதையும் நட்டுப் பூக்கவைக்க நேரமில்லை. அந்த இருபத்துநாலு செடியும் அங்கே நின்றால்தான் பொருத்தனை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது மிஞ்சும்.

அதற்கும் வந்தது வினை, எபனேசர் அண்ணாச்சி மூலமாக.

எபனேசர் கோயில் கமிட்டி செயலாளர். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிமிர்ந்து நின்று சொல்வார். ஒரு வருஷமாக ஆராதனையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பிரசங்கம் முக்கால் மணி நேரம் போனாலும் பின்சுவரில் சாயாமல் நின்றே கேட்பார். அவ்வளவு பக்தி என்று ஊரில் பேச்சு. கமிட்டிக் கூட்டத்திலும் நின்றுகொண்டே பேசுவார். அதனால் மற்றவர்களுக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நிம்மதி.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. பாதையைச் சுட்டிக்காட்டி எபனேசர் சொன்னார்.

"நூத்தைம்பதாவது பண்டிகை. வெளியூர்ல இருந்தெல்லாம் ஆட்கள் வாராக. வாசல்ல இந்தக் காட்டுச் செடியும் காஞ்ச காயுமா நிக்கு. பூ எங்கன இருக்கு? நான் ஒண்ணும் பாக்கல. பண்டிகைக்கு மொத நாள் சனிக்கிழமை பயலுவள விட்டுப் புடுங்கிருவோம். வண்ணார்பேட்டைல தளவாய் நர்சரில தொட்டி வாடகைக்குத் தாராரு. குரோட்டன்ஸ், ரோஸ், எல்லாம் இருக்கு. வரிசையா அடுக்கிரலாம்."

சாலோமி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றாள். "சாயங்காலம் பூக்கும் அண்ணாச்சி."

"பண்டிகை காலைலம்மா."

சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே துணியில் மஞ்சள் சட்டை தைத்துக்கொள்வது என்று முடிவானது. அளவெடுக்க பியூலா வந்தாள். எபனேசர் அதற்கும் நின்றார்.

புதன்கிழமை காலையில் சாலோமி ஒன்றைக் கவனித்தாள். வலது வரிசையில் கடைசிச் செடி, பாதை வாசற்படியைத் தொடுகிற இடத்தில் நிற்பது, மொட்டையாக இருந்தது. ஆடு என்றால் காம்போடு கடிக்கும். இது கொழுந்தாகப் பார்த்து, மொட்டும் சேர்த்து, நகத்தால் கிள்ளியது. மறுநாளும் கிள்ளியிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னாலேயே வந்தாள். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. செடியருகே வெள்ளை வேட்டி ஒன்று குனிந்து நின்றது. கையில் மஞ்சள் பை.

"தோத்திரம் அண்ணாச்சி."

எபனேசர் நிமிரவில்லை. நிமிராவிட்டால் ஆள் தெரியாது என்பதுபோல அப்படியே நின்றார்.

"யாரு, சாலோமியா. செடில பூச்சி இருக்கான்னு பாக்கேன்."

"இருக்கா அண்ணாச்சி?"

"நெறைய இருக்கு. அதான் புடுங்கச் சொன்னது."

"பூச்சியவா பைல போடுதீய?"

பனைமரத்தில் ஒரு காகம் கத்தியது. சாலோமிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. பின்சுவரில் சாயாமல் நிற்கிற பக்தி. மினிபஸ்ஸில் சீட் கொடுத்தாலும் வேண்டாம் என்கிற பெருந்தன்மை. அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"வீட்ல சின்ன உள்ளி இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திப் பைய கேட்டாள்.

எபனேசர் பையைப் பார்த்தார். "இருக்கு."

"வெளக்கெண்ணெய்?"

"அதுவும் இருக்கு." பிறகு குரலை இன்னும் இறக்கி, "கொதிக்க வைக்கணுமா, வதக்கினாப் போதுமா?" என்றார்.

"வதக்கினாப் போதும் அண்ணாச்சி. டாக்டர்ட்ட காட்டுனீயளா?"

"காட்டினேன். கத்தி வைக்கணும்னு சொல்லுதாரு. அதான் பைய பாப்போம்னு வந்துட்டேன். வீட்ல அவளுக்குக்கூடத் தெரியாது. கீரைன்னு சொல்லி நானே வதக்குதேன்."

அந்த நேரத்தில் சாலோமியின் நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. 'சனிக்கிழமை புடுங்காம விட்டியன்னா நானும் வாயத் தொறக்க மாட்டேன்.' அவ்வளவுதான் சொல்லவேண்டியது. செடி தப்பும், பொருத்தனை தப்பும். ஆனால் ஒரு மனுஷனுடைய நோயைக் கயிறாகப் பிடித்து இழுத்துப் பூக்கவைத்த பூவை ஆண்டவர் முன்னால் எப்படி நிறுத்துவது. அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். அது லேசாக இறங்கவில்லை.

"நீங்க இப்படிக் குனியவேண்டாம். நானே கிள்ளி, பின்னால ஜன்னல்ல கட்டி வைக்கேன். வாக்கிங் போறமாதிரி வந்து எடுத்துக்கிடுங்க. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

எபனேசர் பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு, "பயலுவ சனிக்கிழமை வருவானுவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பண்டிகைக்கு முந்தின நாளைத்தான் சொன்னார். அது அவருக்கே வருத்தமாக இருந்ததுபோல் இருந்தது.

திங்கள்கிழமை சாலோமி இலை கிள்ளிக்கொண்டிருந்ததைப் பியூலா பார்த்துவிட்டாள்.

"நாலு நாளாப் பாக்கேன், அந்தச் செடி மட்டும் மொட்டையாவே நிக்கு. எவனோ கள்ளன்னு நெனைச்சேன். நீயா?"

சாலோமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இப்போது சொல்லவேண்டியதும் இல்லை. "நாந்தான் பறிக்கேன்."

பியூலாவின் முகம் மாறிவிட்டது. கேலியெல்லாம் போய் அப்படியே இரக்கம் வந்தது. "ஏட்டி, ஒனக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. கூடவே இருக்கேன், எனக்குத் தெரியலையே."

"அப்படி ஒண்ணும்…"

"சொல்லாத. பேசாம இரு. நான் பாத்துக்கிடுதேன்."

பியூலா பார்த்துக்கொண்டாள். அன்று மத்தியானத்துக்குள் பெண்கள் சங்கம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது. புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் சாலோமி உள்ளே நுழைந்ததும் ஒரு தலையணை தயாராக இருந்தது. பியூலாவே தைத்தது; பூப்போட்ட துணி, நடுவில் வட்டமாக ஓட்டை. மோர் வந்தது. கருணைக்கிழங்கு வந்தது. மிளகாய் தொடாதே என்றார்கள். ஒவ்வொருத்தியும் தன் நாத்தனாருக்கு வந்ததை, தன் மாமனாருக்கு வந்ததைச் சொன்னாள். தனக்கு வந்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை. கடைசியில் சாலோமிக்காக ஒரு விசேஷ ஜெபம் நடந்தது. வியாதியின் பெயர் சொல்லாமல், ஆனால் இடத்தை ஓரளவு குறிப்பிட்டு ஜெபித்தார்கள். சாலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டைத் தலையணையில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன.

சாயங்காலம் தேவதாசன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து முன்னால் நின்றார்.

"ஸ்டாண்டுல எல்லாரும் என்னைய விசாரிக்காங்க. ஒனக்கு என்னமோன்னு. எனக்குத் தெரியாம ஒனக்கு என்னட்டி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன அந்தத் தலையணை?"

"நல்லாருக்கு. நீங்க வண்டில போட்டுக்கிடுங்க."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்தார்.

செய்தி எபனேசர் வீட்டுக்கும் போனது. அவர் மனைவி சோறு போட்டுக்கொண்டே, "பாவம் அந்தச் சாலோமி. இவ்வளவு நாளும் வெளிய சொல்லாமலே மணியடிச்சிருக்கா" என்றாள். எபனேசர் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் துத்திக்கீரை இருந்தது. அதற்குமேல் அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு ஆட்கள் வந்தார்கள். சாலோமி கோயிலுக்குள் பெஞ்சு துடைக்கப் போய்விட்டாள், பார்க்கவேண்டாம் என்று. முதல் வெட்டு விழுகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டே துடைத்தாள். சத்தம் வரவில்லை. எபனேசரின் குரல்தான் வந்தது.

"ஏலே, நில்லு. ஒண்ணையும் தொடாத."

"நீங்கதானே அண்ணாச்சி புடுங்கச் சொன்னீய?"

"சொன்னேன். இப்போ வேண்டாங்கேன். ஆண்டவர் மலைமேல உக்காந்து பேசும்போது காட்டுப் பூவைத்தாம்லே காட்டினாரு. தொட்டிச் செடியவா காட்டினாரு?"

"அப்போ தொட்டி?"

"தளவாய் வண்டி வந்தாச்சுல்லா. தொட்டிய முன்னால வைங்க. இது பின்னால நிக்கட்டும். ஒண்ணோட ஒண்ணு சண்டையா போடப் போகுது?"

சாலோமி பெஞ்சைத் துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பண்டிகை ஞாயிறு விடிந்தது. ஆடிக் காற்று ஓய்ந்து போகிற நாள், வெயில் வெள்ளையாக அடித்தது. ஒன்பது மணிக்கே வளவு நிரம்பியது. மஞ்சள் சட்டைகள் அங்கும் இங்கும் ஓடின. தொட்டி ரோஜாக்களுக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் பின்னால் இருபத்துநாலு துத்தியும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றன. சாலோமி மணிக்கயிற்றைப் பிடித்தாள். கயிறு அவளைத் தூக்கி இறக்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூ இருந்தது, ஆனால் வாடகைப் பூ. அவள் நேர்ந்தது அது இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்த ஐயரிடம் மனசு பொறுக்காமல் சொன்னாள். ஐயர் இளம் வயசுக்காரர். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பொருத்தனை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் யோசித்தார்.

"எத்தனை மணிக்குப் பூக்கும்னு சொல்லி நேந்துகிட்டீங்களாம்மா?"

"இல்லைய்யா. அவசரத்துல நேரமெல்லாம் சொல்லல."

"அப்போ இன்னைக்குப் பொழுது இன்னும் இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு ஐயர் அசனப் பந்தல் பக்கம் போனார்.

அசனம் நாலு மணிக்கு. ஊர் முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவது. பந்தல் கொள்ளாததால் பாதையின் இரண்டு பக்கமும் பாய் விரித்திருந்தார்கள். மூன்று மணிக்குத் தளவாய் வண்டியோடு வந்து இறங்கினார். வண்ணார்பேட்டையில் ஆறு மணிக்கு ஒரு கல்யாண வரவேற்பாம். தொட்டிகள் அங்கே போகவேண்டுமாம். காலை ஆராதனைக்குத்தானே பேசியது என்றார். அரைமணி நேரத்தில் குரோட்டன்ஸும் ரோஜாவும் வண்டியேறிப் போய்விட்டன. பாதை ஓரத்தில் தொட்டி இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

"அண்ணாச்சி, பந்தி போடுற நேரத்துல வாசல் வெறிச்சுன்னு கெடக்கே" என்று யாரோ சொன்னார்கள்.

சாலோமி போய் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். சோறு வந்தது. ஆட்டுக்கறி வாசம் வளவெல்லாம் நிறைந்தது. கேட்டருகே இடதுபக்கம் முதல் செடியில் ஒரு முறுக்கு இளகியது. பிறகு எதிர்ப்பக்கம். பிறகு நடுவில். யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டே கேட்டிலிருந்து நடந்து வருவதுபோல இரண்டு பக்கமும் மஞ்சள் விரிந்துகொண்டே வந்தது. சாம்பார் வாளியோடு போனவன் நின்றான். உட்கார்ந்திருந்தவர்கள் கறியை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

"இது அந்தத் துத்தியா?" என்று ஒரு வெளியூர்ப் பெண் கேட்டாள்.

"துத்தியேதான்" என்றாள் பியூலா, ஏதோ தானே நட்டதுபோல. "எங்க சாலோமி வச்சது. நாலு மணிக்கு மேலதான் மேடம் மொகம் காட்டுவாக."

சாலோமி விரலால் எண்ணினாள். இடதுபக்கம் பன்னிரண்டும் பூத்துவிட்டது. வலதுபக்கம் பதினொன்று. பன்னிரண்டாவது, வாசற்படி ஓரச்செடி, இலையும் மொட்டும் கிள்ளிக் கிள்ளி வெறும் குச்சியாக நின்றது. ஒரு மொட்டுகூட இல்லை. அதில் ஒரு வாரம் கிள்ளியது அவள் கையே. இரண்டு பக்கமும் வாசப்படி வரை என்று சொல்லியிருந்தாள். ஒரு செடியில் நின்றுபோயிற்றே என்று அவள் வாடினாள்.

அந்தச் செடியருகேதான் எபனேசர் மஞ்சள் சட்டையில் நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் அந்தக் குச்சியைப் பார்த்தார். சாலோமியின் முகத்தையும் பார்த்தார்.

சரியாக அந்த நேரத்தில் பியூலா ஓட்டைத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சாலோமி, இங்கன வா. வெறுந்தரைல உக்காராத. வெக்கப்படாத, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாலோமிக்குக் காது சிவந்தது. எழுந்து வரப் போனாள். அதற்குள் எபனேசர் கையை நீட்டினார்.

"அதை இங்க குடு, பியூலா."

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? இது சாலோமிக்கு."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவ எலை பறிச்சது எனக்கு."

பியூலாவின் வாய் திறந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை. எபனேசர் தலையணையை வாங்கி, அந்த மொட்டைச் செடியின் அடியில் போட்டார். வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பைய, ரொம்பப் பைய, இறங்கி உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு தயாளபுரம் அவர் உட்கார்ந்து பார்த்தது. அவர் மனைவி தூரத்தில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இலை போடுங்கவே. என்ன பாக்கீய?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஐயர்தான் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு எபனேசரே சிரித்தார். அதன் பிறகு பந்தி முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "சாலோமி, எங்க வீட்டுக்கு அடுத்த வீட்டுல ஒருத்தருக்கு வேணுமாம், ரெண்டு இலை தருவியா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நாலு பேர் எழுந்தார்கள். எல்லாருக்கும் அடுத்த வீட்டில் யாரோ இருந்தார்கள்.

"நாளைக்குக் காலைல வாங்க. பூ மூடின பொறவு" என்றாள் சாலோமி.

அவள் எபனேசரின் இலையில் சோறு வைக்கக் குனிந்தாள். மொட்டைச் செடிக்கு அடியில், பதினொரு செடியின் வரிசை முடிகிற இடத்தில், புது மஞ்சள் சட்டை சாயங்கால வெயிலில் பளிச்சென்று இருந்தது. சாலோமி கேட்டிலிருந்து ஒரு தடவை விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை பன்னிரண்டு வந்தது.

"என்னம்மா எண்ணுத?" என்று எபனேசர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சாப்பிட்டு முடியற வரைக்கும் எந்திரிச்சிராதீய" என்றாள் சாலோமி.